உலோகக் கூரை வேயும் தொழிலைப் பெரியவர்களுக்குக் கற்பித்தல்: முழுமையான வழிகாட்டி

உலோகத் தகடுகளால் கூரை வேயும் வேலையை வயது வந்தவர்களுக்குக் குழுவாகக் கற்பிக்கப்போகும் பயிற்றுநருக்காக இவ்வழிகாட்டி எழுதப்படுகிறது. தானே கற்க நினைப்பவரும் இதே வரிசையில் போகலாம். ஆனால் உயரத்துக்குப் பழகும் 10-ஆம் படியைத் தேர்ந்த ஒருவரின் துணையின்றித் தொடக் கூடாது.

வரிசை முழுவதையும் ஆளும் விதி ஒன்றுதான்: தரையில் கற்பிக்க முடிந்த எதையும் கூரைமேல் கற்பிக்கக் கூடாது. உயரத்தில் நிற்கும் புதியவரின் கவனத்தில் பாதி அவருடைய பாதங்களிலேயே இருக்கும். மீதியை வைத்துக்கொண்டு ஸ்க்ரூவின் சாய்வையும் தகட்டின் ஓரத்தையும் ஒருசேரப் பார்க்க அவரால் முடியாது. ‘மேலே ஏறினால்தான் புரியும்’ என்று தொடக்க நாட்களிலேயே ஆட்களை ஏற்றிவிடும் வகுப்புகளில் அவர்கள் முதலில் கற்பது பயத்தை மறைக்கும் வித்தையைத்தான்.

1. வருபவர்கள் யார் என்று தெரிந்துகொள்ளுங்கள்

பெரியவர்கள் வெறுங்கையோடு வருவதில்லை. வேறொரு தொழிலின் பழக்கத்தோடு வருகிறார்கள். வெல்டிங் தெரிந்தவர் எதை வெட்டவும் கிரைண்டரைத் தேடுவார். தச்சு வேலை செய்தவர் ஸ்க்ரூவின் தலை புதையும்வரை முடுக்குவார். கொத்து வேலையிலிருந்து வந்தவர், இடைவெளி எதுவானாலும் பூசி அடைத்துவிடலாம் என்று நம்புவார். மூன்று பழக்கங்களும் அவரவர் தொழிலில் சரியானவை என்பதால் அவற்றைக் குறை சொல்லாமல், இங்கே ஏன் அவை ஆகாது என்பதை மட்டும் காட்ட வேண்டும்.

தெரியுமா என்று கேட்டால் பெரும்பாலோர் தெரியும் என்றே சொல்வார்கள். ஆகவே கேட்காதீர்கள், ஒரு கழிவுத் தகட்டையும் இன்ச் டேப்பையும் தகரம் வெட்டும் கத்தரியையும் கொடுத்து, சொன்ன அளவுக்கு ஒரு துண்டு வெட்டித் தரச் சொல்லிவிட்டுப் பக்கத்தில் நில்லுங்கள். டேப்பைப் பிடிக்கும் விதத்திலேயே, அவருக்கு 4-ஆம் படியில் எவ்வளவு நேரம் தேவைப்படும் என்பது தெரிந்துவிடும்.

தலைசுற்றல், வலிப்பு, இரத்த அழுத்தம், சர்க்கரை, முழங்கால் வலி ஆகியவற்றைத் தனியாக அழைத்துக் கேளுங்கள். குழுவின் நடுவே கேட்டால் உண்மையான பதில் வராது. உடல் எடையும் தேவை, ஏனெனில் உயரத்தில் ஏறுவோர் உடலில் அணியும் பாதுகாப்பு வார் ஒவ்வொன்றிலும் அது தாங்கும் உச்ச எடை குறிக்கப்பட்டிருக்கும்.

பகல் முழுவதும் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் வருபவர்களுக்குக் கணக்கும் மேசை வேலையும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். களைத்த கால்களை எந்தக் கூரையிலும் ஏற்றக் கூடாது.

2. பயிற்சிக் கூரையை முதலில் கட்டுங்கள்

கீழ்விளிம்பு தரையிலிருந்து சுமார் 1 மீட்டர் உயரத்தில் இருக்கும்படி, இரு சரிவுகள் கூடும் கூடல்வாய், ஒரு முகடு, பக்கத்தில் ஒரு சுவர், நடுவே ஒரு குழாய் ஆகியவை உள்ள சிறிய கூரைச் சட்டம் ஒன்று வேண்டும். நேரான சரிவு மட்டும் உள்ள சட்டத்தில் பழகியவர் உண்மையான கூரையில் முதல் மூலையிலேயே திகைத்து நிற்பார். நீர் ஒழுகுவது பெரும்பாலும் அந்த மூலைகளில்தான்.

தகடுகளைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களில் ஒரு பகுதியை மரத்திலும் மறு பகுதியை இரும்பிலும் அமைத்தால், இரண்டுக்குமான வெவ்வேறு ஸ்க்ரூக்களை ஒரே இடத்தில் கற்பிக்கலாம். பர்லின்கள் கழற்றி மாற்றக்கூடியவையாக இருக்கட்டும். சில குழுக்கள் பழகியதும் அவை சல்லடையாகிவிடும்.

சட்டத்தைச் சுற்றி கம்பி, கல், கருவிப்பெட்டி எதுவும் கிடக்கக் கூடாது. 1 மீட்டர்தானே என்ற எண்ணத்தில் நடக்கும் விபத்துகளும் விபத்துகளே.

3. கருவிகளும் தகடுகளும்

பட்டியல் நீளமானதல்ல. தகரம் வெட்டும் கத்தரிகளில் மூன்று வகையும் தேவை: பொதுவாகச் சிவப்புக் கைப்பிடி இடப்பக்கம் வளைத்து வெட்டவும், பச்சை வலப்பக்கம் வளைத்து வெட்டவும், மஞ்சள் நேராக வெட்டவும் பயன்படும். இவற்றோடு தகட்டைச் சிறிது சிறிதாகக் கடித்து வெட்டும் நிப்ளர், மடிப்பு இடுக்கி, சிறிய மடிப்பு இயந்திரம், ரிவெட் கன், கிளட்ச் உள்ள ஸ்க்ரூ டிரைவர், சாயநூல், மூலைமட்டம், ரசமட்டம் ஆகியவை போதும்.

கிரைண்டரைப் பயிற்சிக்கூடத்துக்குள் அனுமதிக்காதீர்கள். வெட்டும் சக்கரத்தின் சூடு விளிம்பில் உள்ள துத்தநாகப் பூச்சை எரித்துவிடும். பறக்கும் பொறிகள் பக்கத்துத் தகட்டின் வண்ணத்தில் பதிந்து சில நாட்களில் துருப்புள்ளிகளாகும். இதைச் சொல்லிப் புரியவைப்பதைவிட, கத்தரியால் ஒன்றும் கிரைண்டரால் ஒன்றுமாக இரு துண்டுகளை வெட்டி வெளியில் நனையவிட்டுக் காட்டுவது எளிது.

தகடுகளைத் தரையில் நேரடியாக அடுக்காமல், கட்டைகள்மேல் ஒரு பக்கம் சற்றுச் சாய்வாக அடுக்குங்கள். அடுக்கின் நடுவே தேங்கும் ஈரம் காற்றுப் படாமல் பூச்சை அரித்து வெண்ணிறக் கறையை உண்டாக்கும். ஒட்டுப்படலம் உள்ள தகடுகளை அந்தப் படலத்தோடு வெயிலில் போட்டால் பிறகு உரிப்பது பெரும்பாடு.

எந்த உலோகம் எதனோடு சேராது என்பதையும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். செம்பிலிருந்து வழியும் நீர் துத்தநாகப் பூச்சை அரிக்கும். ஈர சிமென்ட் அலுமினியத்தைத் தின்னும். அலுமினிய-துத்தநாகப் பூச்சுள்ள தகட்டில் சாதாரணப் பென்சிலால் கோடு போட்டால், அதிலுள்ள கிராஃபைட் அந்தக் கோட்டின் வழியே அரிப்பைத் தொடங்கிவிடும். தச்சு வேலை தெரிந்தவரின் காதில் செருகியிருக்கும் பென்சிலை முதல் நாளே வாங்கி வைத்துவிட்டு ஒரு மார்க்கர் பேனாவைக் கொடுங்கள்.

4. அளவும் கணக்கும்

இந்தப் படியைப் பலர் அரை நாளில் கடந்துவிடுகிறார்கள். பிறகு வரும் வீண்செலவுகளில் பெரும்பங்கு இங்கிருந்துதான் பிறக்கிறது. பள்ளியை விட்டு நெடுங்காலமானவர்களுக்குக் கரும்பலகைக் கணக்கு கூச்சத்தைத் தரும். ஆகவே பயிற்சிக் கூரையையே அளக்கவைத்து, அதே எண்களைக் கொண்டு கணக்கிடவையுங்கள்.

முதலில் சதுரம், அதாவது மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு மூலையிலிருந்து கீழ்விளிம்பில் 3 மீட்டரும் பக்கவிளிம்பில் 4 மீட்டரும் குறித்தால், அவ்விரு குறிகளுக்கும் இடையே 5 மீட்டர் இருந்தாக வேண்டும். சிறிய சட்டத்தில் இவற்றைப் பாதியாக்கிக்கொள்ளலாம். சட்டம் சதுரமாக இல்லையென்றால் அது தகடு வாங்குவதற்கு முன்பே தெரிய வேண்டும்.

அடுத்து நீளம். கிடைமட்ட அளவையே தகட்டின் நீளமாக எடுத்துக்கொள்வது புதியவர்களின் வழக்கமான பிழை. 15 பாகை சரிவில் கிடைமட்ட அளவை 1.035 ஆல் பெருக்க வேண்டும். 30 பாகையில் 1.155 ஆல். கிடைமட்டம் 4 மீட்டர் என்றால் சரிவு நீளம் முறையே 4.14 மீட்டரும் 4.62 மீட்டரும் ஆகும். கீழே மழைநீர்க் கால்வாய்க்குள் நீள வேண்டிய சுமார் 50 மி.மீ.யை இதனோடு கூட்ட வேண்டும்.

மூன்றாவது எண்ணிக்கை. தகட்டின் முழு அகலம் வேறு. ஒன்றன்மேல் ஒன்று ஏறியபின் அது உண்மையில் மூடும் அகலம் வேறு. 12 மீட்டர் கூரையை, 762 மி.மீ. மூடும் தகட்டால் வகுத்தால் 15.75 வரும், எனவே 16 தகடுகள் வேண்டும். அதே தகட்டின் முழு அகலமான 850 மி.மீ. ஆல் வகுத்தவருக்கு 15 போதும் என்று தோன்றும். கடைசித் தகடு இல்லாமல் வேலை நின்றபிறகுதான் அவர் தவறைக் காண்பார்.

வெப்பத்தால் நீள்வதையும் கணக்காகவே காட்டலாம். 50 பாகை செல்சியஸ் வேறுபாட்டில் 10 மீட்டர் எஃகுத் தகடு சுமார் 6 மி.மீ. நீளும், அலுமினியம் ஏறக்குறைய இரு மடங்கு நீளும். நீளமான தகடுகளின் இரு முனைகளையும் அசையாமல் இறுக்கினால் ஸ்க்ரூத் துளைகள் ஏன் நீள்வட்டமாகின்றன என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் இல்லை.

5. வெட்டுதல், மடித்தல்

காகித அட்டை, கழிவுத் தகடு, நல்ல தகடு என்ற வரிசையை மாற்றாதீர்கள். அட்டையில் மடித்துப் பார்த்தவருக்கு, ஒரு மடிப்பு முடிந்தபின் அடுத்ததற்கு இயந்திரத்தில் இடம் இருக்குமா என்பது முன்கூட்டியே தெரியும். மடிப்புகளின் வரிசை தவறினால் துண்டு இயந்திரத்தின் வாயிலேயே மாட்டிக்கொள்ளும் அல்லது கடைசி மடிப்பு போட முடியாமல் போகும்.

வரைபடத்தில் வண்ணப்பக்கம் எது என்று அம்புக்குறி போடும் பழக்கத்தை முதல் துண்டிலேயே கட்டாயமாக்குங்கள். அளவெல்லாம் சரியாக இருந்தும் வண்ணம் உட்பக்கமாக மடிந்துபோன துண்டுகள் ஒவ்வொரு குழுவிலும் குவியும்.

வெளித்தெரியும் விளிம்புகளைச் சுமார் 10 மி.மீ. உள்மடித்துவிட வேண்டும். அந்த மடிப்பு விளிம்புக்கு விறைப்பைத் தருகிறது, கையைக் கிழிக்காமலும் காக்கிறது. கத்தரியால் வெட்டும்போது ஒவ்வொரு கடியிலும் அலகை முழுமையாக மூடாமல், முனை சேர்வதற்குச் சற்று முன்பே அடுத்த கடிக்கு நகர்த்தக் கற்றுக்கொடுங்கள். முழுவதும் மூடினால் அந்த இடத்தில் சிறு பிசிறு நிற்கும்.

வெட்டுத் தாங்கும் கையுறையை எந்த வேலையிலும் கழற்றக் கூடாது. ‘கையுறை போட்டால் பிடி கிடைக்கவில்லை’ என்பவருக்குப் பெரும்பாலும் அளவு பொருந்தாத கையுறைதான் கொடுக்கப்பட்டிருக்கும்.

6. ஸ்க்ரூ முடுக்குதல்

கூரையின் ஆயுளை முடிவு செய்யும் வேலை இதுவே. இதை இடுப்பளவு மேசையில் ஒரு நாள் முழுவதும் செய்யவையுங்கள். தலைக்கடியில் ரப்பர் வாஷர் உள்ள தானே துளையிடும் ஸ்க்ரூவை எடுத்து, நுனியிலுள்ள துளையிடும் பகுதி தகட்டையும் பர்லினையும் சேர்த்த தடிப்பைவிட நீளமா என்று பார்க்கச் சொல்லுங்கள். நுனி முழுவதும் கடப்பதற்குள் மரை பிடித்துவிட்டால் ஸ்க்ரூ முறியும் அல்லது தகடு மேலே தூக்கப்படும்.

வேகம் அதிகமானால் துளை சீக்கிரம் விழும் என்பது தவறான நம்பிக்கை. இரும்பில் அதிவேகம் நுனியைச் சிவக்கவைத்து மழுக்கிவிடும். மிதமான வேகமும் சீரான அழுத்தமும் போதும்.

சரியான இறுக்கத்தைக் கண்ணும் விரலும் சேர்ந்து அறிய வேண்டும். உலோக வாஷரின் விளிம்பில் ரப்பர் சற்றே பிதுங்கி எல்லாப் பக்கமும் ஒரே அளவாகத் தெரிந்தால் சரி. ரப்பர் காளான் குடைபோல் வெளியே விரிந்திருந்தால், அல்லது தகட்டில் குழி விழுந்திருந்தால், இறுக்கம் மிகுந்துவிட்டது. அந்த ரப்பர் வெயிலில் சீக்கிரம் வெடிக்கும். விரலால் வாஷரைச் சுழற்ற முடிந்தால் இறுக்கம் போதவில்லை. ஒரு பக்கம் பிதுங்கி மறுபக்கம் இடைவெளி தெரிந்தால் ஸ்க்ரூ சாய்ந்து இறங்கியிருக்கிறது, அதைக் கழற்றியே ஆக வேண்டும்.

கழற்றிய துளையில் அதே ஸ்க்ரூவை மறுபடி போடுவது இன்னொரு பிழை. மரை தேய்ந்த துளைக்கு ஓரளவு பருத்த ஸ்க்ரூ வேண்டும்.

துளையிடும்போது சிதறும் இரும்புத் துகள்களை அன்றன்றே மென்மையான தூரிகையால் பெருக்கிவிட வேண்டும். ஓர் இரவுப் பனி போதும், மறுநாள் தகடு முழுவதும் பழுப்புப் புள்ளிகள் தெரியும்.

7. தாழ்ந்த கூரையில் தகடு பதித்தல்

வரிசை இதுதான்: மழைநீர்க் கால்வாய், கூடல்வாய்த் தகடு, பிறகு கூரைத் தகடுகள், கடைசியாக முகட்டு மூடி. எப்போதும் கீழிருப்பது முதலில் போடப்பட வேண்டும், ஏனெனில் மேலிருந்து வரும் நீர் அடுத்த துண்டின்மேல் விழ வேண்டுமே தவிர அதன் அடியில் நுழையக் கூடாது. முகட்டு மூடியைப் பொருத்திவிட்டு கூடல்வாயை நினைவுகூரும் குழு ஒன்று எப்போதும் இருக்கும். அவர்களைத் தடுக்காமல் விட்டு, முழுவதும் கழற்றவையுங்கள்.

பதிக்கத் தொடங்கும் பக்கமும் முக்கியம். மழைக்காற்று வழக்கமாக எந்தத் திசையிலிருந்து வருமோ அதற்கு எதிர்முனையில் தொடங்கிக் காற்றை நோக்கி நகர வேண்டும். அப்போதுதான் மேலேறிய விளிம்பின் திறந்த வாய் காற்றுக்கு முதுகு காட்டும்.

முதல் தகட்டுக்கு எவ்வளவு நேரம் எடுத்தாலும் தகும். கீழ்விளிம்பில் நூல் கட்டி, தகட்டை அந்த நூலுக்குச் சரியான செங்கோணத்தில் வைத்து, இரண்டே ஸ்க்ரூக்களால் தற்காலிகமாகப் பிடித்து, மறுபடி அளந்த பிறகே முழுவதும் முடுக்க வேண்டும். ஒவ்வொரு தகடும் மேல்முனையைவிடக் கீழ்முனையில் 3 மி.மீ. மட்டும் அகன்று உட்கார்ந்தால்கூட, 16-ஆம் தகட்டில் அந்த விலகல் 48 மி.மீ. ஆகிவிடும்; கீழ்விளிம்பு ரம்பப்பல் போல் தெரியும். நான்கைந்து தகடுகளுக்கு ஒருமுறை, முதல் தகட்டின் ஓரத்திலிருந்து மேலும் கீழும் அளந்து ஒப்பிட வேண்டும். இழுத்தோ நெருக்கியோ சரிசெய்ய ஒரே தகட்டில் முயலாமல், அடுத்த சில தகடுகளில் பங்கிட்டுச் சரிசெய்யலாம்.

ஸ்க்ரூவை மேட்டில் போடுவதா பள்ளத்தில் போடுவதா என்று கட்டாயம் கேட்பார்கள். கூரையில் நீர் பள்ளத்தில் ஓடுவதால் மேட்டில் போடுவது பரவலான முறை. ஆனால் சில தகட்டு வடிவங்களுக்குத் தயாரிப்பாளரே பள்ளத்தில் போடச் சொல்கிறார். அந்தத் தகட்டுக்கான கையேட்டைத் திறந்து பதிலைத் தேடவைப்பதே சரியான பதில்.

முகட்டுப் பக்க முனையில் ஒவ்வொரு பள்ளத்தையும் இடுக்கியால் மேல்நோக்கி மடித்துவிட வேண்டும். முகட்டு மூடி மறைத்துவிடப்போகும் இடம் என்பதால் இதைத் தவிர்க்க எல்லோருக்கும் மனம் வரும். காற்றோடு அடிக்கும் மழை பள்ளத்தின் வழியே மேல்நோக்கி ஏறி உள்ளே விழுவதைத் தடுப்பது அந்தச் சிறிய மடிப்புதான்.

8. ஃபிளாஷிங்

சுவரும் கூரையும் சேரும் இடம், குழாய் வெளிவரும் இடம், முகடு ஆகியவற்றை மூடும் மடித்த தகடுகளே ஃபிளாஷிங். இங்கே கற்பிக்க வேண்டிய முதல் கருத்து, இடைவெளியை அடைக்கும் பசையான சீலண்ட் துணைக்கு மட்டுமே என்பது. துண்டு ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் விதத்திலேயே நீர் வெளியேற வேண்டும். சீலண்ட் இல்லாமல் பொருத்திப் பார்த்து, நீரின் பாதையை விரலால் காட்டச் சொல்லுங்கள். விரல் எங்கே தயங்குகிறதோ அங்கே வடிவமைப்பில் குறை இருக்கிறது.

இரண்டு துண்டுகள் சேரும் இடத்தில் சீலண்டை இரு தகடுகளுக்கும் நடுவே வைத்து, சுமார் 40 மி.மீ. இடைவெளியில் ரிவெட் அடிக்க வேண்டும். வெளியே பூசிய சீலண்ட் வெயிலில் காய்ந்து உரிந்துவிடும். பழகியவர்களே இதில் சோம்பல்படுகிறார்கள்.

குழாயைச் சுற்றிப் பொருத்தும் ரப்பர் உறையின் சதுர அடியை, ஒரு மூலை மேல்நோக்கி இருக்கும்படி திருப்பி வைப்பது நல்லது. தட்டையான விளிம்பு மேலிருந்தால் நீரும் இலைகளும் அதன்மேல் தேங்கும். மூலை மேலிருந்தால் நீர் இருபுறமும் பிரிந்து ஓடும். உறையின் வாயைக் குழாயின் சுற்றளவைவிடச் சற்றுச் சிறியதாக வெட்டி, இழுத்து மாட்ட வேண்டும்.

9. நீர்ச்சோதனை

கூரை முழுவதையும் ஒரே நேரத்தில் நனைத்தால் ஒழுகுவது தெரியும், எங்கிருந்து என்பது தெரியாது. கீழ்விளிம்பில் தொடங்கி, ஒவ்வொரு பகுதியாகச் சில நிமிடங்கள் நீரை விட்டு, மேல்நோக்கி நகர வேண்டும். ஒருவர் அடியில் இருந்து சாக்பீஸால் ஈரத்தைக் குறிக்க வேண்டும். குழாயை மழை விழும் திசையிலேயே பிடிக்க வேண்டும், தகடுகளின் இடுக்கில் கீழிருந்து பீய்ச்சுவது சோதனையாகாது.

ஒழுகிய இடத்தைப் பயிற்றுநர் சுட்டிக்காட்டக் கூடாது. பொருத்தியவரே கண்டுபிடித்து, கழற்றி, காரணத்தைச் சொல்லி, மறுபடி பொருத்த வேண்டும். இது முடிந்தபின், மறைவாகச் சில பிழைகளை வைத்து ஒரு பகுதியை நீங்களே அமைத்து, குழுவைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். பழுது பார்க்கும் வேலைக்கு இதுவே முழுப் பயிற்சி.

10. உயரத்துக்குப் பழகுதல்

இங்கே முதல் நாளில் கூரை வேலையே கிடையாது. ஏணியை நான்கு பங்கு உயரத்துக்கு ஒரு பங்கு விலகலாகச் சாய்த்து, மேல்முனை ஏறுமிடத்துக்கு மேல் சுமார் 1 மீட்டர் நீட்டி, கட்டி, ஏறி இறங்குவது மட்டுமே.

பாதுகாப்பு வாரை அணிந்தபின் தொடைப் பட்டைக்குள் தட்டையான கை நுழைய வேண்டும், மூடிய முட்டி நுழையக் கூடாது. முதுகு வளையம் தோள்பட்டைகளுக்கு நடுவே நிற்க வேண்டும். தரையிலிருந்து ஓரடி மட்டும் உயர்த்தித் தொங்கவிட்டு, பட்டைகள் எங்கே அழுத்துகின்றன என்பதை ஒவ்வொருவரும் உணர விடுங்கள். தளர்வாக அணியும் பழக்கம் அதோடு போய்விடும்.

வார் அணிந்தாலே பாதுகாப்பு என்ற எண்ணத்தைக் கணக்கால் உடைக்க வேண்டும். 1.8 மீட்டர் கயிறு, விழும்போது கிழிந்து நீளும் அதிர்ச்சி தாங்கி சுமார் 1 மீட்டர், முதுகு வளையத்திலிருந்து பாதம்வரை சுமார் 1.5 மீட்டர், இவற்றோடு பாதுகாப்பு இடைவெளி 1 மீட்டர் என்று கூட்டினால் 5 மீட்டரைத் தாண்டுகிறது. கீழ்விளிம்பு 4 மீட்டர் உயரத்தில் இருக்கும் வீட்டில் அந்தக் கயிறு விழுவதை முழுவதும் நிறுத்துவதற்குள் ஆள் தரையைத் தொட்டுவிடலாம். ஆகவே முதலில் விளிம்புக் கைப்பிடித் தடுப்பு அல்லது சாரம். அது முடியாத இடத்தில் விளிம்பையே எட்ட முடியாதபடி குறுக்கிய கயிறு. விழுந்தபின் தாங்கும் கயிறு கடைசி வழி.

தொங்குபவரைச் சில நிமிடங்களுக்குள் இறக்குவது எப்படி என்ற ஏற்பாடு இல்லாமல் யாரையும் ஏற்றாதீர்கள். அசையாமல் தொங்கினால் இரத்த ஓட்டம் தடைப்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

காலடி வைக்குமிடம் ஸ்க்ரூ வரிசை தெரியும் பர்லின் கோடு மட்டுமே. ஒளிபுகும் தகடுகள், பழைய ஆஸ்பெஸ்டாஸ் சிமென்ட் தகடுகள், முடுக்கப்படாத தகடுகள் ஆகிய மூன்றிலும் மிதிக்கக் கூடாது. ஆஸ்பெஸ்டாஸை உடைக்கவோ அறுக்கவோ கூடாது என்பதும், அதை அகற்றுவது தனிப் பயிற்சி பெற்றவர்களின் வேலை என்பதும் தெளிவாகச் சொல்லப்பட வேண்டும். காலைப்பனி காயும்வரையிலும், தகட்டைக் கையிலிருந்து இழுக்கும் அளவு காற்று வீசும்போதும் வேலை கிடையாது.

11. உண்மையான கூரையும் மதிப்பீடும்

மேசை வேலையில் ஒருவர் எட்டுப் பேரைப் பார்த்துக்கொள்ளலாம். கூரைமேல் மூன்று நான்கு பேருக்கு மேல் ஒரு பயிற்றுநரின் கண்ணுக்குள் நிற்க மாட்டார்கள். முதலில் தகடு ஏற்றித் தருதல், பிறகு பிறர் பதித்த தகட்டை முடுக்குதல், அதன்பின் நடுத் தகடுகளைப் பதித்தல், கடைசியில்தான் முதல் தகட்டை நூலுக்கு வைத்தல் என்ற வரிசையில் பொறுப்பைக் கூட்டுங்கள்.

மதிப்பீட்டில் கேட்டுச் செய்ததைவிட கேட்காமலே செய்ததைக் குறித்துக்கொள்ளுங்கள்: துகளைப் பெருக்கினாரா, சில தகடுகளுக்குப்பின் அளந்து பார்த்தாரா, இறங்குமுன் உதிரித் துண்டுகளைக் கட்டிவைத்தாரா. எழுத்துத் தேர்வு கட்டாயமென்றால் வாய்மொழியாகவும் பதில் சொல்ல வாய்ப்பு கொடுங்கள்.

ஒட்டுமொத்தமாகத் தேர்ச்சி என்று ஒரு தாளைக் கொடுப்பதைவிட, வேலை வாரியாகக் கையெழுத்திடும் பதிவேடு வேலைக்கு எடுப்பவருக்கும் பயில்பவருக்கும் உதவும். உயரம் ஒத்துவராத சிலர் நிச்சயம் இருப்பார்கள். அவர்களை வற்புறுத்தி ஏற்றவும் வேண்டாம், தோல்வி என்று அனுப்பவும் வேண்டாம். ஃபிளாஷிங் மடிப்பதும் வெட்டுப் பட்டியல் தயாரிப்பதும் தனித் தொழில்களே. அவர்களுடைய பதிவேட்டில் அளவெடுப்பு, வெட்டு, மடிப்பு ஆகிய வரிகளில் கையெழுத்திட்டு, உயரப் பணிக்கான வரியை மட்டும் நிரப்பாமல் கொடுத்துவிடுங்கள்.